உப்பு தப்பிய ஒரு நாள்

சமைத்ததை அக்கா ருசி பார்க்க மாட்டார். கரண்டியில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பது எல்லாச் சமையல்காரர்களும் செய்வதுதான். அக்கா அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. "எச்ச பண்ணதையாடி புள்ளைங்களுக்குப் போடுறது?" என்பார். பிள்ளைகள் எல்லாரும் சாப்பிட்டு எழுந்து, அண்டாவைக் கழுவப் போடும் நேரத்தில்தான் தன் தட்டில் போட்டுக்கொண்டு உட்காருவார். அதுவரை வாயில் ஒன்றும் வைக்க மாட்டார்.

உப்புக்குக் கைதான் கணக்கு. பாக்கெட்டில் வரும் உப்பைப் பீங்கான் ஜாடியில் கொட்டி வைத்திருப்பார். சாம்பார் சாதம் என்றால் நாலு கை. புலாவ் என்றால் மூன்று கையும் ஒரு சிட்டிகையும். ஜாடிக்குள் கைவிட்டு எடுத்து, மூடிய கையை ஒரு முறை லேசாகக் குலுக்குவார். இரண்டு விரலுக்கு நடுவே கொஞ்சம் ஜாடிக்கே திரும்பி விழும். மிச்சம் அண்டாவுக்குள் போகும்.

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கல்வராயன் மலைக்கு பஸ் ஏறத் தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது எங்கள் பள்ளிக்கூடம். அங்கே சத்துணவுக் கூடத்தில் அக்கா சமையலர், நான் உதவியாளர். அரிசி களைவது, காய் நறுக்குவது, பாத்திரம் தேய்ப்பது என் வேலை. நான் எட்டாவது வரை படித்தவள். எனக்குச் சட்டென்று பேச வராது. யாராவது ஏதாவது கேட்டால் பதில் மனதுக்குள் வந்துவிடும், வாய்க்கு வருவதற்குள் கேட்டவர் போய்விடுவார். அக்கா அதைக் குறையாக நினைக்கவில்லை. "எனுக்கும் நானே பேசிக்கிறேன், உனுக்குச் சேத்தும் நானே பேசிக்கிறேன்" என்பார்.

ஒரு முறை மேலிடத்திலிருந்து ஒருவர் சோதனைக்கு வந்தார். உப்பை ஏன் அளந்து போடுவதில்லை என்று கேட்டார்.

"அளந்துதான் சார் போடறேன்."

"எதுல அளக்கறீங்க?"

அக்கா கையைக் காட்டினார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அக்கா என்னிடம் திரும்பி, "அந்த தராச எடுத்தாடி" என்றார். முட்டை எடை பார்க்கிற சின்னத் தராசு. ஒரு கை உப்பை எடுத்து அதில் போட்டார். எடையைக் குறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அதைக் கொட்டி இன்னொரு கை எடுத்துப் போட்டார். நாலு முறையும் முள் ஒரே இடத்தில் நின்றது. வந்தவர் ஒன்றும் எழுதாமல் பேனாவை மூடி வைத்தார். போகும்போது, "உங்க கைய இன்சூரன்ஸ் பண்ணி வைங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா அதைப் பல மாதம் சொல்லிச் சிரித்தார்.

முட்டையும் அப்படித்தான். அட்டை அட்டையாக வரும் முட்டைகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து வைப்பார். கூமுட்டை இருந்தால் கையில் எடுத்ததுமே சொல்லிவிடுவார். முட்டை வண்டிக்காரர் நம்பாமல் ஒரு நாள் உடைத்துப் பார்த்தார். நாற்றம் தாங்காமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார். "வாயி இன்னிக்கி ஒன்னு சொல்லும், நாளைக்கி ஒன்னு சொல்லும். கையக் கேளுய்யா" என்று அக்கா பின்னால் இருந்து கத்தினார்.

அந்தக் கைக்கு என்ன ஆயிற்று என்பது முட்டையில்தான் முதலில் தெரிந்தது. அவித்த முட்டையை உரிக்கும்போது வெள்ளைக் கருவும் சேர்ந்து பிய்ந்து வந்தது. இரண்டு மூன்று நாள் அப்படி ஆனதும், "நகம் வெட்டிக்கினேன்டி, உரிக்க வர்ல. நீயே உரி" என்றார். அதற்குப் பிறகு அவர் நகம் வளர்ந்தது. உரிக்கிற வேலை என்னிடமே நின்றுவிட்டது.

பிறகு ஜாக்கெட் ஊக்கு. காலையில் வரும்போது இரண்டு ஊக்கு போடாமலே வருவார். "அவசரத்துல வந்துட்டேன்" என்பார். ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னால் நின்று நான் போட்டுவிடுவேன். அப்போது அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அண்டாவின் மூடியைத் துணி இல்லாமல் வெறும் கையால் தூக்கினார். ஆவி பறக்கும். அவர் முகம் மாறாது. எங்கள் தலைமையாசிரியை டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, "இரும்புக் கைதாங்க உங்களுக்கு" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் விரல்களின் உள்பக்கம் கொப்புளம் இருந்தது. "இது எப்படி ஆச்சுன்னே தெர்லடி" என்றார் அக்கா.

குனிந்து அண்டாவுக்குள் பார்த்தால் கழுத்திலிருந்து முதுகு வழியாகக் கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். "ஈபிக்காரன் என் மேல வயரு வுட்டுட்டான் போல கீது" என்று சிரித்தார்.

செருப்பும் கழன்றது. தண்ணீர்க் குழாய்க்குப் போகிறபோது ஒரு கால் செருப்பு வழியிலேயே நின்றுவிடும். அக்கா ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் இல்லாமலும் நடந்து போவார். அவருக்குத் தெரியாது. நான் பின்னால் போய் அதை எடுத்து, அவர் நிற்கும் இடத்தில் காலுக்கு அருகில் வைப்பேன். ஒன்றும் சொல்ல மாட்டேன். சொன்னால் அவருக்குக் கூச்சமாக இருக்குமே என்று நினைத்தேன்.

இவையெல்லாம் வரிசையாக இப்போது எழுதும்போது எனக்கே தெளிவாகத் தெரிகிறது. அப்போது தெரியவில்லை. ஒரு நாள் ஊக்கு, ஒரு மாதம் கழித்து செருப்பு என்று தனித்தனியாக வந்தன. வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு உப்பு.

பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன்னால் டீச்சர் ஒரு கிண்ணம் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. அந்தக் கிண்ணத்தில் ஊற்றும்போது ஒரு நாள் சாம்பார் சாதம் என் கையில் தெறித்தது. சூடு தாங்காமல் வாயில் வைத்தேன். உப்பே இல்லை. அக்கா குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். நான் ஜாடியிலிருந்து ஒரு கை எடுத்துப் போட்டுக் கிளறினேன். டீச்சர் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு" என்றார். அக்கா தலையாட்டிக்கொண்டார்.

மறுநாளும் பார்த்தேன். சரியாக இருந்தது. அதற்கடுத்த நாள் கரித்தது. விரல்கள் சரியாக மூடாததால் சில நாள் பாதிக் கைதான் வந்தது. சில நாள் எத்தனை கை போட்டோம் என்ற சந்தேகத்தில் இன்னொரு கை போட்டார். குறைந்தால் சேர்த்துவிடலாம். கூடினால் என்ன செய்வது? அதற்கும் வழி கண்டுபிடித்தேன். பருப்பு வெந்ததும் ஒரு வாளி உப்பில்லாமல் எடுத்து ஒதுக்கி வைத்துக்கொள்வேன். தேவைப்பட்ட நாளில் அதை ஊற்றிக் கலந்துவிடுவேன். அக்கா முகம் கழுவப் போய் வருகிற நேரம் எனக்குப் போதும்.

எட்டு மாதம் அப்படிச் செய்தேன். அரிசி களைவது மாதிரி அதுவும் ஒரு வேலையாகிவிட்டது. எதற்காகச் செய்கிறேன் என்று யோசிப்பதுகூட நின்றுவிட்டது. அக்காவுக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது, அவ்வளவுதான் என் மனதில் இருந்தது. கடைசியில் சாப்பிட உட்காரும்போது, "பாத்தியா, கைக்கு வயசாவல" என்பார். நான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

நடை கெட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு காலும் கட்டை மாதிரி விறைத்து, குடித்தவர் நடப்பதுபோல் நடந்தார். "இன்னாக்கா, காலையிலயே ஏத்திக்கினு வந்துட்டீங்களா?" என்று பள்ளிக்கூட வாட்ச்மேன் ஒரு நாள் கேலி செய்திருந்தார். "ஆமாண்டா, உனுக்கும் வாங்கியாந்திருக்கேன்" என்றார் அக்கா. கள்ளக்குறிச்சியில் சர்க்கரை பார்த்தார்கள். சர்க்கரை இல்லை. படம் எடுத்துப் பார்த்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அக்காவுக்கு வீட்டுக்காரர் இல்லை. ஒரே மகள் மணலூர்பேட்டையில் கைக்குழந்தையோடு இருந்தாள். அதனால் நான் கூடப் போனேன்.

அங்கே இருந்த டாக்டருக்கு வயது முப்பத்தைந்து இருக்கும். சுத்தியல் போல ஒன்றால் முட்டியில் தட்டினார். கால் துள்ளி எழுந்தது. பத்து விநாடிக்குக் கையை வேகமாக மூடி மூடித் திறக்கச் சொன்னார்.

"இன்னா சார், டாட்டா காட்டணுமா?"

"காட்டுங்கம்மா, வேகமா."

நான் மனதுக்குள் எண்ணினேன். ஏழு முறைதான் வந்தது. சுண்டு விரல் மடங்கவும் இல்லை, சேரவும் இல்லை. டாக்டர் செய்து காட்டியபோது அதே நேரத்தில் அவர் கை எண்ண முடியாத அளவு மூடித் திறந்தது. அக்காவின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பள்ளமாக இருந்த இடத்தைத் தொட்டார்.

"கழுத்தெலும்பு தேஞ்சி, நடுவுல போற தண்டுவடத்த நெருக்குதும்மா. மூளையிலருந்து கைக்கும் காலுக்கும் அது வழியாதான் எல்லாம் போவுது. மாத்திரையில சரியாவாது. பின்பக்கமா எலும்ப ஒரு கதவு மாதிரி தெறந்து வுட்டு, உள்ள எடம் பண்ணணும். ஆபரேஷன்தான்."

"பண்ணா நல்லா நடப்பனா?"

"மேல கெடாம நிறுத்தறதுக்குத்தான் பண்றோம். போனதுல எவ்ளோ திரும்பி வரும்னு சொல்ல முடியாது. எவ்ளோ நாளா கெட்டுப்போயிருக்குன்னு ஒன்னு இருக்கு. கை எப்பலருந்து இப்படி?"

"கைக்கு ஒன்னுமில்ல சார். காலுதான்."

"கையிலதாம்மா முதல்ல ஆரம்பிச்சிருக்கு. இந்தச் சதை இப்படி வத்தறதுக்கு மாசக்கணக்காவும்."

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் சமையக்காரி சார். கை கெட்டா மொதல்ல உப்புதான் தப்பும். பதினேழு வருசமா தப்பல. நேத்திக்கும் தப்பல. இதோ கூடவே கீறாளே, இவளக் கேளுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது ஆமாம் என்று சொல்வதுபோல் இருந்திருக்கும்.

"தள்ளிப் போடாதீங்கம்மா" என்றார் டாக்டர். "ஒரு தடவ வழுக்கி விழுந்தாலே கை கால் மொத்தமா போயிடலாம். அப்பறம் படுத்த படுக்கைதான். மகள வரச் சொல்லிக் கூட்டிக்கினு வாங்க."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அக்கா பேசிக்கொண்டே வந்தார். "காலு சரியில்லன்னு போனா கழுத்த வெட்டணுங்கறான். கதவு தெறக்கறானாம் கதவு. உப்பு சரியா போடுற கை எப்பிடிடி கெட்ட கையா இருக்கும்? நீயே சொல்லு." பஸ் தியாகதுருகத்தில் நின்றிருந்தது. நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் ஒரு பெண் வெள்ளரிப்பிஞ்சுக் கூடையோடு ஜன்னலுக்கு வந்தாள். அக்கா அவளிடம் பேரம் பேசத் தொடங்கினார். பஸ் கிளம்பியபோது என் வாய் மூடிவிட்டிருந்தது. ஆபரேஷன் பண்ணிக்கொள்வதில்லை என்று அக்கா முடிவு செய்துவிட்டார். மகளுக்கும் போனில், "ஒன்னுமில்லன்ட்டாங்க" என்றார்.

அதற்குப் பிறகு பதினோரு நாள் சமைத்தோம். பதினோரு நாளும் நான் சரி செய்தேன். டீச்சரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அக்காவை வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்று பயம். நான் எட்டு மாதம் செய்ததும் வெளியே வருமே என்று பயம். இரண்டில் எந்தப் பயம் பெரியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பதினோராம் நாள் கூடத்தின் படியில் அக்கா விழுந்தார். இரண்டு படிதான். விழுந்தவர் எழவில்லை. நான் ஓடிப்போய்த் தூக்கினேன். கால் இரண்டும் துணிமூட்டை மாதிரி கிடந்தன. "இருடி, இருடி" என்றார். பத்து நிமிடம் அப்படியே கிடந்தார். பிறகு இடது கால் பெருவிரல் அசைந்தது. "மரத்துப்போச்சி, அவ்ளோதான். யாருகிட்டயும் சொல்லாத" என்று எழுந்து உட்கார்ந்தார். மதியம் முட்டைக் கணக்குப் பற்றிப் பேசினார்.

மறுநாள் சாம்பார் சாதம். பருப்பு வெந்தது. நான் வாளியைக் கையில் எடுத்தேன், திரும்பக் கவிழ்த்து வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். அக்கா ஜாடிக்குள் கை விட்டார். முதல் கை, குலுக்கல். இரண்டாவது கை, குலுக்கல். ஐந்து, ஆறு என்று போனது. நான் வெங்காயத் தோலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். அக்கா முகம் கழுவப் போனார். நான் அண்டா பக்கம் போகவில்லை.

டீச்சர் ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினார். "இன்னாங்க இது, கடல்லருந்து அள்ளிக்கினு வந்தீங்களா?"

"இன்னா டீச்சர்?"

"சாப்ட்டுப் பாருங்க."

அக்கா அண்டாவுக்கு அருகில் வந்தார். கையை விட்டுக் கொஞ்சம் சாதம் எடுக்கப் பார்த்தார். விரல்கள் சேரவில்லை, சாதம் வழிந்தது. இரண்டாவது முறை உள்ளங்கையில் ஒட்டியதை வாயில் வைத்தார். பிள்ளைகளுக்கு முன்னால் அக்கா வாயில் வைத்ததை அன்றுதான் பார்த்தேன். மென்றார். விழுங்கினார். பிறகு அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் பார்க்கிற மாதிரி.

"இவ உப்பு எடுத்துக் குடுத்தாளா?" என்று டீச்சர் என்னைக் காட்டிக் கேட்டார்.

"அவ இன்னா பண்ணா? தப்பு என்னுது" என்றார் அக்கா.

பிள்ளைகளுக்கு அன்று வெறும் முட்டைதான். டீச்சர் பிஸ்கட் வாங்கி வரச் சொன்னார். தட்டோடு வரிசையில் நின்றவர்கள் தட்டோடு திரும்பிப் போனார்கள். மலையிலிருந்து வந்து படிக்கிற பிள்ளைகள் சிலருக்கு அதுதான் அன்றைக்கு முதல் சாப்பாடாக இருக்கும். குழாயடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அதையும் பார்த்தேன். அண்டாவைப் பின்னால் தள்ளிக்கொண்டுபோய்க் குழியில் கொட்டினேன். எனக்கு அழுகை வரவில்லை. அண்டாவைக் கழுவியபோது கையில் தண்ணீர் பட்டதுகூடச் சரியாகத் தெரியவில்லை.

அக்கா ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். "அந்த டாக்டரு நம்பரு உங்கிட்ட கீதா?" என்று கேட்டார்.

மகள் வந்தாள். இரண்டு வாரத்தில் ஆபரேஷன் நடந்தது. பின்கழுத்தில் முடியை மழித்தபோதுதான் அக்கா கண் கலங்கினார். "கொண்டை போடறதுக்குக் கொஞ்சம் வுட்டு வையிங்க சிஸ்டர்" என்றார். உள்ளே கொண்டுபோய்ப் பல மணி நேரம் ஆயிற்று. நானும் மகளும் வெளியே உட்கார்ந்திருந்தோம். அவள் என்னிடம், "நீங்கதான் பக்கத்துலயே இருந்தீங்க. முன்னாடி ஒன்னும் தெரியலையா அக்கா?" என்று கேட்டாள். பதில் மனதுக்குள் வந்தது. குழந்தை அழுதது, அவள் எழுந்து போனாள்.

நடை திரும்பி வந்தது. முழுவதும் இல்லை, ஆனால் தனியாக நடக்கிறார். கை பாதிதான். தம்ளரைப் பிடிக்க முடிகிறது, பொடி எடுக்க முடியாது. சூடு தெரியாது. "நிறுத்திட்டோம், இதுக்கு மேல கெடாது. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா கை இன்னும் நல்லா வந்திருக்கும்" என்றார் டாக்டர். அப்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. அக்கா வேலையை விட்டுவிட்டு மகளோடு மணலூர்பேட்டைக்குப் போய்விட்டார். கூடத்துக்குப் புதிதாக வந்தவர் கரண்டியில் அளந்து உப்புப் போடுகிறார், ருசி பார்க்கிறார். நான் அரிசி களைகிறேன்.

போன தை மாதம் மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழாவுக்குப் போனவள் அக்கா வீட்டுக்கும் போனேன். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். அக்காவால் கழுத்தை மட்டும் திருப்ப முடியாது. என்னைப் பார்க்க உடம்போடு திரும்பினார். "வாடி, ஊமச்சி" என்றார்.

அந்தப் பெண் அக்காவின் கையைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ ஆவுற வரைக்குமா பாக்காம இருந்தீங்க?" என்று கேட்டாள்.

"முன்னாடி தெரிஞ்சாத்தான பாக்கறதுக்கு? பதினேழு வருசத்துல ஒரே ஒரு நாளு உப்பு தப்பிச்சி. ஒரே ஒரு நாளு. அன்னிக்கே தெரிஞ்சிக்கினேன், நேரா போய் ஆபரேசன் பண்ணிக்கினேன். இதோ இவ கூடவேதான் இருந்தா. கேளு." மறுபடி உடம்போடு என் பக்கம் திரும்பினார். "சொல்லுடி."

"ஆமாக்கா" என்றேன். "ஒரே ஒரு நாள்தான்."

அந்த முறை வாய்க்குச் சட்டென்று வந்துவிட்டது.

மகள் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். பஸ் நிற்கும் இடம் வரைக்கும் வருகிறேன் என்று அக்காவும் வந்தார். வேண்டாமென்று மகள் சொன்னதைக் கேட்கவில்லை. ரோட்டோரமாக மெல்ல நடந்தோம். பாதி தூரத்தில் அவருடைய இடது கால் செருப்பு கழன்று பின்னால் நின்றுவிட்டது. அக்கா நடந்துகொண்டிருந்தார். எடுத்துக்கொண்டு வந்து வைக்க நான் குனிந்தேன். குனிந்தவள் எடுக்காமல் நிமிர்ந்தேன்.

"அக்கா, செருப்பு கழண்டுக்கிச்சி" என்றேன்.

அவர் நின்றார். உடம்போடு திரும்பினார். செருப்பைப் பார்த்தார், பிறகு தன் காலைப் பார்த்தார். "அட ஆமா" என்றார். திரும்பி நடந்து போய், காலை அதற்குள் நுழைக்கப் பார்த்தார். பெருவிரல் வாரை விட்டு விலகி விலகிப் போனது. நான் உதவப் போகவில்லை. என் பஸ் வந்து, நின்று, போயிற்று. அக்கா இன்னும் மாட்டிக்கொண்டிருந்தார்.